வெளிநாட்டில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால்: அங்கேயே பார்ப்பதா, மதுரைக்கு வந்துவிடுவதா?

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இரண்டு தடவை வந்தது. முதல் தடவை இலங்கையில், அக்காவுக்குக் கை எலும்பு முறிந்தபோது. அடுத்தது மலேசியாவில், மாமாவுக்கு நெஞ்சு வலித்தபோது. அக்காவை ஊருக்குக் கூட்டிவந்து பார்த்தோம், அதுதான் சரி. மாமாவையும் அப்படியே கூட்டிவந்திருந்தால் இன்றைக்கு அவர் திருமங்கலத்தில் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்க மாட்டார். ஒரே கேள்விக்கு ஏன் இரண்டு பதில் என்பதை, அடுத்து கிளம்பப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். மதுரையிலிருந்து நேராகக் கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று ஏறுகிறோம், திருச்சிக்குப் போனால் கோலாலம்பூர். அறுபது தாண்டிய அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் ஆகிவிட்டார்கள்.

மாமாவுக்கு அப்போது 63 வயது. காலையில் பத்துமலைக்குப் போயிருந்தோம். 272 படி. ஏறி, முருகனைக் கும்பிட்டு, இறங்கும்வரை அவருக்கு ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓட்டலுக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுத்தவர் மூன்று மணி வாக்கில் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. இடது தாடையைத் தேய்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல மாப்ள, வாய்வுதான். மத்தியானம் அந்த வடையத் தின்னுருக்கக் கூடாது" என்றார். அத்தை பையிலிருந்து ஓம வாட்டரை எடுத்துவிட்டார். "நாளைக்கு ராத்திரி திருச்சி ஃப்ளைட்டுதானே. விடிஞ்சா நம்ம ஊரு. நம்ம டாக்டரையே பாத்துக்கிரலாம்" என்று மாமா சொன்னதும் எனக்கும் ஒரு நிமிஷம் அது சரியென்றுதான் பட்டது.

ஏனென்றால் அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஊர் டாக்டருக்கு நம் உடம்பு தெரியும், நம் பாஷையில் பேசுவார், செலவு எவ்வளவு ஆகும் என்று ஒரு குத்துமதிப்பாவது நமக்குத் தெரியும், பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள், வீட்டிலிருந்து கஞ்சி வரும். ஆனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கே டிக்கெட் கிடைத்தாலும் ஓட்டலிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்க வேண்டும், திருச்சிக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம், இமிகிரேஷன், பெட்டி என்று ஒரு மணி நேரம், அப்புறம் காரில் மதுரைக்கு இரண்டரை மணி நேரம். பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. மாரடைப்பில் அடைத்துக்கொண்ட ரத்தக்குழாயை, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 90 நிமிஷத்துக்குள் பலூன் வைத்துத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் இதய மருத்துவர்கள் வைத்திருக்கிற இலக்கு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பதினோரு மணி நேரம் கழித்து எவ்வளவு நல்ல டாக்டரிடம் போனாலும் செத்துப்போன இதயத் தசையை அவரால் உயிர்ப்பிக்க முடியாது.

கீழே வரவேற்பில் இருந்த தமிழ்ப் பையன் மாமாவைப் பார்த்த உடனே, "அங்கிள் மூஞ்சி சரியில்லைண்ணே, இப்பவே கிளம்புங்க" என்றான். அவனுக்கு நாங்கள் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

காத்திருக்க முடியுமா, முடியாதா

வேறு எதைப் பற்றியும் யோசிப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். நெஞ்சில் பாரம், அதோடு வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது. மூச்சு வாங்குவது. நிற்காத ரத்தம், நினைவு தப்புவது, தலையில் அடிபட்டபின் வாந்தி, வயிற்றைத் தொடவிடாத வலி. இதில் எது வந்தாலும் ஊருக்குப் போகலாம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, எந்த நாட்டில் இருக்கிறோமோ அங்கேதான் வைத்தியம். பாஷை தெரியாவிட்டாலும், காசு போதாவிட்டாலும் அங்கேதான்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1976-ல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், கண் என்றால் மதுரையில் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். கண் உறுத்தல், கண் சிவப்பு மாதிரி சின்ன விஷயம் என்றால் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு வரலாம். ஆனால் திடீரென்று பார்வை மறைந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அது விழித்திரை சமாச்சாரமாக இருக்கலாம், அன்றைக்கே அங்கேயே பார்க்க வேண்டும். அப்படி ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது கரைகிறவரை விமானம் ஏறவே கூடாது.

அதற்குக் காரணத்தைக் கொடைக்கானல் போனவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பறக்கிற விமானத்துக்குள் இருக்கிற காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது, 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுதான் இருக்கும். கொடைக்கானல் 7,000 அடி. மலை ஏறும்போது பெருமாள்மலை தாண்டுவதற்குள் பையில் இருக்கிற சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். விமானத்தில் உடம்புக்குள் அடைபட்ட காற்றும் அதே மாதிரி விரியும். கண்ணில் வைத்த வாயு, அறுவை செய்த வயிற்றில் தங்கிய காற்று, நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த காற்று எல்லாமே. ஆக்சிஜனும் கொடைக்கானல் அளவுக்குத்தான் கிடைக்கும். திடமான ஆளுக்கு அது ஒன்றுமே தெரியாது. இதயம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற ஆளைக் கொண்டுபோய் நாலு மணி நேரம் கொடைக்கானலில், பக்கத்தில் ஆஸ்பத்திரியே இல்லாத இடத்தில் உட்கார வைப்பீர்களா? மாமாவிடம் நான் இதைத்தான் கேட்டேன், அதற்கப்புறம்தான் செருப்பை மாட்டினார்.

அக்காவின் கதை நேர் எதிர். நுவரெலியாவில் மழைக்கு வழுக்கிய படியில் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. 1990-க்கு அடித்தோம். அது இலங்கையின் இலவச ஆம்புலன்ஸ், சுவசெரிய என்று பெயர், இந்திய அரசின் உதவியோடு 2016-ல் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கிப் பிறகு தீவு முழுக்கப் பரவியது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார்கள். அங்கே இருந்த நர்ஸ் மலையகத் தமிழ்ப் பெண், அக்காவுக்கு அதுவே பாதி வலியைக் குறைத்துவிட்டது. பிளேட் வைக்க வேண்டும், ஆனால் சில நாள் பொறுக்கலாம், ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். விரல்கள் அசைகின்றன, நிறம் நன்றாக இருக்கிறது, மரத்துப் போகவில்லை என்பதையும் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் எப்போது விமானம் என்று கேட்டார். நாளைக்கு என்றதும், போட்ட கட்டை நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்துவிட்டு, மேலே கிரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டார். புதுக் கட்டுக்குள் கை வீங்கும், பறக்கும்போது இன்னும் வீங்கலாம், 48 மணி நேரத்துக்குள் பறப்பதானால் அறுக்காத கட்டோடு ஏறக்கூடாது என்று விளக்கினார். கொழும்பிலிருந்து மதுரைக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். மறு வாரம் இங்கே ஆபரேஷன். அக்காவின் சாதாரண மெடிக்ளைம் பாலிசியே அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் விழுந்தது இலங்கையில் என்றாலும் வைத்தியம் நடந்தது இந்தியாவில். சிகிச்சையும் அங்கேயே செய்திருந்தால் அந்த பாலிசி ஒரு பைசா தந்திருக்காது.

கை எலும்பு முறிவு, தசைநார் கிழிவு, பல்வலி, ஊசி போட்டதும் அடங்கிவிடுகிற சிறுநீரகக் கல் வலி, இந்த வகைக்கெல்லாம் முதல் வைத்தியம் அங்கே, மிச்சம் ஊரில் என்பதுதான் என் கட்சி. ஆனால் காத்திருக்கலாம் என்று அங்கே இருக்கிற டாக்டர் வாயால் சொல்ல வேண்டும், நம் குடும்பத்து வாட்ஸ்அப் குரூப் சொல்லக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா

நம் ஊரில் பெரியாஸ்பத்திரியா பிரைவேட்டா என்று பேசுகிற அதே மனசோடு அங்கேயும் போய் நிற்கிறோம். வெளிநாட்டில் அந்தக் கணக்கு அப்படியே வராது. மலேசியாவில் அரசு ஆஸ்பத்திரி என்றால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அந்த நாட்டுக்காரர்கள் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. இருந்தாலும் தனியாரோடு ஒப்பிட்டால் பொதுவாகக் குறைவு. அவசரப் பிரிவில் வந்தவர்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து உட்கார வைப்பார்கள். சிவப்பில் இருப்பவருக்கு உடனே ஆள் வரும், பச்சையில் இருப்பவர் மணிக்கணக்கில் காத்திருப்பார். ஆக உயிர் போகிற விஷயத்துக்கு அரசு ஆஸ்பத்திரி மெதுவானது என்று பயப்பட வேண்டாம், காய்ச்சல் இருமலுக்குப் போனால்தான் பொறுமை போய்விடும். அந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்குத் தெருமுனை கிளினிக்கே போதும்.

தனியாரில் வரவேற்பு, அறை எல்லாம் நன்றாக இருக்கும், ஸ்பெஷலிஸ்ட் சீக்கிரம் வருவார். ஆனால் அட்மிஷன் கவுன்டரில் முன்பணம் கட்ட வேண்டும், அல்லது இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து உத்தரவாதக் கடிதம் வர வேண்டும். அங்கே அதை ஜிஎல் என்றுதான் சொல்கிறார்கள், அந்த இரண்டு எழுத்தை அன்றைக்குச் சாயங்காலம் நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை.

சிங்கப்பூரில் 995-க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் உங்களைப் பெரும்பாலும் அரசு சார்ந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோகும். தரம் அருமை, ஆனால் மானியம் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், நமக்கு முழு பில். தாய்லாந்தில் 1669, துபாயில் 998, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் 112. இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் பார்ப்பது யாருக்கும் இலவசம், ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு பில் வரும். அமெரிக்காவில் அவசரப் பிரிவு, பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் முதலில் சிகிச்சை தந்தாக வேண்டும் என்று 1986-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பில் பின்னால் வீட்டுக்கு வரும், அது எவ்வளவு என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் பட்டது வேறு ஒன்று. நெஞ்சுவலிக்கு அரசா தனியாரா என்பதைவிட, அந்த ஆஸ்பத்திரியில் இந்த நேரத்தில் ஆஞ்சியோ செய்ய ஆள் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. பளபளவென்று இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே இசிஜி எடுத்து, எங்களிடம் அந்த வசதி இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பினால் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். நாங்கள் மலேசியாவின் அவசர எண்ணான 999-க்கு அடிக்காமல் கிராப் டாக்ஸி பிடித்துப் போனோம், அது தவறு. வழியில் மாமாவின் இதயம் நின்றிருந்தால் அந்த டிரைவரால் என்ன செய்திருக்க முடியும்? ஆம்புலன்ஸில் அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் திரும்ப ஓடவைக்கிற கருவி இருக்கும். நாங்கள் போன தனியார் ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ வசதி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். உள்ளே போனதும் இசிஜி, ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள், அப்புறம் டாக்டர் வந்து அடைப்பு என்றார். (பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரினை நாமாகக் கொடுக்கக் கூடாது. மூளையில் ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது.)

காசு எங்கிருந்து வரும்

இங்கேதான் எங்களுக்கு உயிரே போய்விட்டது. முன்பணம் கேட்டார்கள். நாலு பேர் கையில் இருந்த ரிங்கிட்டையெல்லாம் சேர்த்தும் பாதி வரவில்லை. என் கார்டைக் கொடுத்தேன், மறுத்துவிட்டது. ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, நாம் கேட்டுத் திறந்தால் ஒழிய புதுக் கார்டுகள் வெளிநாட்டில் வேலை செய்யாது. சரி, ஆப்பில் ஆன் செய்துவிடலாம் என்று பார்த்தால் ஓடிபி கேட்கிறது. என் சிம்மில் ரோமிங் போடவில்லை, மலேசிய சிம்மில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, ஓடிபி எங்கிருந்து வரும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமாவின் மார்பில் வயர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் நான் ஒரு பட்டனை நகர்த்த முடியாமல் நிற்கிறேன். கடைசியில் அத்தை மகளின் கார்டு வேலை செய்தது, அவள் கிளம்பும் முன்பே பேங்கில் சொல்லித் திறந்து வைத்திருந்தாள். இந்திய சிம்மில் ரோமிங்கை ஓடிபிக்காக மட்டுமாவது போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு இருக்கிற வழிகளை இப்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டேன். கைக்காசு, கார்டு, ஊரிலிருந்து அனுப்புவது என்பது சின்னச் செலவுக்குச் சரி. வங்கி மூலம் ஒருவர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், வைத்தியத்துக்கு என்றால் மருத்துவமனையின் மதிப்பீட்டைக் காட்டி அதற்கு மேலும் அனுப்பலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எந்த பேங்க் திறந்திருக்கிறது? கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் இன்சூரன்ஸை நம்புகிறவர்கள் அதன் தாள்களை ஒரு தடவை வாசியுங்கள், பல கார்டுகளில் அது விபத்துச் சாவுக்கு மட்டும்தான், மாரடைப்புக்கு இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை நாட்டுக்கு வெளியே செல்லாது. தூதரகம் பில் கட்டும் என்று நினைப்பதும் தப்பு. வழியே இல்லாமல் தவிக்கிற இந்தியர்களுக்கு, குறிப்பாக வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு, 2009 முதல் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருக்கிறது, அது அவர்களின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது. சுற்றுலாப் பயணிக்குத் தூதரகம் ஆள் விசாரிக்கும், வீட்டுக்குத் தகவல் சொல்லும், காகித வேலையில் உதவும். அந்த உதவியும் சின்னது இல்லை.

ஆக மிஞ்சுவது பயணக் காப்பீடு. டிக்கெட் செலவோடு பார்த்தால் அதன் பிரீமியம் சின்னத் தொகைதான், இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம் என்பதால் ஐரோப்பா போகிறவர்கள் எடுத்துவிடுகிறார்கள். மலேசியா, இலங்கை, தாய்லாந்து போகிறவர்கள்தான் விட்டுவிடுகிறோம். தென்கிழக்கு ஆசியாவுக்கு 50,000 டாலர் பாலிசி போதும் என்பார்கள். வயதானவர் கூட வந்தால் நான் 1,00,000 எடுப்பேன். அமெரிக்காவுக்கு 5,00,000-க்குக் கீழே எடுக்கவே மாட்டேன். தொகையைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அறுபது தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஆபரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. இன்னொன்றில்தான் நாங்கள் அடிபட்டோம், ஏற்கெனவே இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுவது.

மாமா பத்து வருஷமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். படிவத்தை நிரப்பியது டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட். எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று டிக் அடித்து பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார், நாங்களும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி உதவி எண்ணுக்கு அடித்தபோது அந்தப் பக்கம் முதலில் கேட்டதே பிரஷர் இருக்கிறதா, மாத்திரை பெயர் என்ன என்பதுதான். அத்தை உண்மையைச் சொன்னார். உத்தரவாதக் கடிதம் வரவில்லை. முழுவதும் நாங்களே கட்டி, ஊருக்கு வந்து கிளெய்ம் போட்டு, மறுப்புக் கடிதம் வாங்கி, கம்பெனிக்கு மறுபடி எழுதி, சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் வரை போகப் போகிறோம் என்ற பிறகு பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. அந்த அலுவலகத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகலாம். பிரஷர் இருப்பதைச் சொல்லியிருந்தால் பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கலாம், ஆனால் மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லி மறுக்க முடிந்திருக்காது. படிவத்தை நீங்களே நிரப்புங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும், ஒருவர் நோயாளியோடும் இன்னொருவர் போனோடும் இருந்தால்தான் இது நடக்கும்.

திரும்பி வருவது எப்படி

அன்று ராத்திரியே, அடைத்த குழாயைத் திறந்து வைத்திருக்கிற சின்ன வலைக்குழாய், ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நாலாம் நாள் டிஸ்சார்ஜ். உடனே கிளம்பிவிடலாம் என்று மாமா துடித்தார், இதிலும் இரண்டு பக்கம் யோசிக்க வேண்டியிருந்தது. மாரடைப்பு வந்து பத்து நாளுக்குள் பறப்பதென்றால் விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அனுமதிக்க வேண்டும், மெடிஃப் என்று ஒரு படிவம், அதை அங்கே பார்த்த டாக்டர் நிரப்பித் தர வேண்டும். சொல்லாமல் ஏறிவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. நடுவானில் ஏதாவது ஆனால் யாருக்குக் கஷ்டம்? நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு சின்ன அறைக்கு மாறி இருந்துவிட்டோம். இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் இருக்கலாம் என்பதால் அந்தக் கவலை இல்லை. இட்லி கிடைத்தது, சாயங்காலம் மாமா தெருவில் மெதுவாக நடந்தார், அத்தை முகத்தில் நிறம் திரும்பியது. பன்னிரண்டாம் நாள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கி, வழியோர இருக்கையில் உட்கார வைத்துக் கூட்டிவந்தோம்.

உட்காரக்கூட முடியாதவருக்கு ஸ்ட்ரெச்சர் வசதி சில விமான நிறுவனங்களில் உண்டு, ஆறிலிருந்து ஒன்பது இருக்கைகளை மடக்கிப் படுக்கை போடுவார்கள், அத்தனை இருக்கைக்கும் காசு, கூடவே டாக்டரோ நர்ஸோ வர வேண்டும். ஏர் ஆம்புலன்ஸ் அதையும் தாண்டியது. பாலிசியில் மருத்துவ வெளியேற்றம் என்ற வரி இருந்தால் ஒழிய நம்மைப் போன்ற குடும்பங்கள் நினைத்துப் பார்க்க முடியாது. அதே பாலிசியில், இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவருகிற செலவும் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்த நிலை வந்த குடும்பத்துக்கு இறப்புச் சான்றிதழ், பதப்படுத்திய சான்றிதழ், பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, தூதரகத்தின் தடையில்லாச் சான்று என்று அலைய வேண்டியிருக்கும், அதைச் செய்துகொடுக்க ஒரு ஆள் இருந்தால் அது பெரிய ஆறுதல்.

நேபாளம் போகிறவர்களுக்கு ஒன்று. முக்திநாத், 108 திவ்யதேசத்தில் ஒன்று என்பதால் நம் பக்கத்துப் பெரியவர்கள் நிறையப் போகிறார்கள். உயரம் 3,700 மீட்டருக்கு மேல், கொடைக்கானலைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. அங்கே தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அங்கேயே பார்ப்பதா ஊருக்கு வருவதா என்ற கேள்வியே வராது, உடனே கீழே இறங்க வேண்டும், இறங்குவதுதான் மருந்து. தரிசனம் முடித்துவிட்டு இறங்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. சில பாலிசிகள் ஒரு உயரத்துக்கு மேலே பொறுப்பில்லை என்று எழுதியிருக்கும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

மாமா வருகிற ஆடி மாதம் கதிர்காமம் போகிறார். டாக்டர் சரியென்றுவிட்டார். இந்தத் தடவை படிவத்தை மேஜையில் வைத்து அவரே நிரப்பினார், பிரஷர், ஸ்டென்ட் எல்லாம் எழுதி. ஒரு கம்பெனி முடியாது என்றது, இன்னொன்று பிரீமியத்தைக் கூட்டி ஒத்துக்கொண்டது. சட்டைப் பையில் ஸ்டென்ட் அட்டையும், மாத்திரைகளின் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்துப் பெயராகவே டைப் செய்த சீட்டும் இருக்கின்றன, ஏனென்றால் நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே மருந்துக்கடையில் புரியாது. அத்தை ஓம வாட்டரையும் எடுத்து வைத்திருக்கிறார். போனில் 1990-ஐ "இலங்கை ஆம்புலன்ஸ்" என்று சேமித்து வைத்ததும் அத்தைதான்.